பந்துலவின் கெசட்டில் குறைந்த ஒரு அடி

1

மாத்தளையில் ஒரு சிறு சஞ்சிகை நடத்துகிறவர்கள், நோர்வே வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி எனக்கு மின்னஞ்சல் போட்டிருந்தார்கள். நாட்டை விட்டு வந்து இருபது வருடம் ஆகப் போகிறது, அதைப் பற்றியே எழுதலாமே என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். என் விலாசத்தைக் கொடுத்தது யார் என்றுதான் நான் முதல் பதில் போட்டேன். ஒருவருடைய பெயரைச் சொன்னார்கள். அவரைத் தொலைபேசியில் பிடித்து, ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அண்ணே, எழுதித் தாங்கன்னுதானே கேட்டாங்க, தலையவா கேட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

இதற்காக என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் விட்டு வந்த மாத்தளையில், யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்காமல் வாயைத் திறந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி. காலமும் அதற்குத் தீனி போட்டது.

நான் எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். எண்பதுகளில் டவுனில் டிஸ்கோ போட்டவன். கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா, வஹகோட்டையில் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் ஆட்டம், தோட்டத்துத் துரைமார் கிளப்பில் டிசம்பர் பார்ட்டி, எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். அன்று மாத்தளையில் இளவட்டமாக இருந்தவர்கள் என் பாட்டுக்கு ஒரு தடவையாவது காலை ஆட்டியிருப்பார்கள்.

இன்று நோர்வேயில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூடப் பராமரிப்பாளன். காலையில் வாசலில் பனி தள்ளுவேன், பல்ப் மாற்றுவேன், பிள்ளைகள் உடைத்த கதவுப் பூட்டைச் சரி செய்வேன். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் நிலவறைதான் கதி. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பாட்டுக் கெசட்டுகளைக் கணினிக்கு மாற்றி, புதிதாகத் தாளம் சேர்த்து, இணையத்தில் ஏற்றுகிறேன். மகள் தாரிணிதான் எப்படி ஏற்றுவது என்று சொல்லித் தந்தாள். துபாயிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் யார் யாரோ கேட்கிறார்கள். 'பிரமாதம்' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. பாதிப் பேர் என் ரீமிக்சை எடுத்துத் தங்கள் பெயரில் போடுகிறவர்கள்.

இந்த வருடம் பனி உருகத் தொடங்கிய சமயம், நாங்கள் எண்பத்தேழில் செய்த ஒரு கலவையை ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. ஆள் பெயர் இல்லை. முகத்துக்குப் பதில் ஒரு பூப் படம். சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தது. அதன் பொருள் இதுதான்: 'எங்களிடம் உள்ள கெசட்டில் நான்காவது நிமிடத்தில் பாட்டு ஓரிடத்தில் தடுக்கி விழும். நீங்கள் போட்டிருப்பதில் விழவில்லை. ஏன்?'

வாசித்ததும் கணினியை மூடினேன். நான்காவது நிமிடத்தில் தடுக்கி விழும்படி நான் பதிந்த கெசட் ஒன்றே ஒன்றுதான். அதை நான் ஒருவனிடம் மட்டும்தான் கொடுத்தேன். அவன் எண்பத்தொன்பதில் காணாமல் போய்விட்டான்.

2

அவன் பெயர் பந்துல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய உண்மையான பெயரை எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் டவுனில் இருந்தவர்களுக்கு எழுதாமலே தெரியும்.

டவுனில் ஹனீபா நானாவுக்கு ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கெசட்டில் பதிந்து தருகிற கடை. ரேடியோ திருத்துகிறவனாக நான் அங்கே சேர்ந்தேன். நானாவின் தம்பி சவூதியிலிருந்து இரண்டு ரெக்கோட் பிளேயரும் ஒரு மிக்சரும் அனுப்பியதும் டிஸ்கோ தொடங்கினோம். பந்துல வில்கமுவக்காரன், வயல் குடும்பம். ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்க வந்தவன், அப்படியே டிஸ்கோவில் என் பங்காளியாகிவிட்டான். என் வயதுதான். கடைக்கு மேல் அறையில் இருவரும் நான்கு வருடம் ஒன்றாக இருந்து ஒரே சட்டியில் சாப்பிட்டோம். பேச்சு சிங்களத்தில்தான். அவனுக்குத் தமிழில் கெட்ட வார்த்தை மட்டும்தான் வரும். அதைச் சுத்தமாக உச்சரிப்பான்.

பாட்டை இணைப்பது நான். ஆட்களைப் பார்ப்பது அவன். கூட்டத்தில் ஒரு பெண் உட்காரப் போகிறாள் என்றால் அவள் உட்காருவதற்கு முன் அவனுக்குத் தெரியும். "மச்சான், மாத்து" என்பான். மாற்றுவேன். அவள் உட்கார மாட்டாள். ஒரு தமிழ்ப் பாட்டின் அடியில் சிங்கள பைலாத் தாளத்தை ஓட விடலாம் என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். அந்தக் கலவைக்காகவே குருநாகலிலிருந்தும் ஆட்கள் எங்களைத் தேடி வந்தார்கள்.

கலவை வெளியே போனால் எங்கள் கதை முடிந்தது. கெசட் இருக்கிற எவனும் அதைப் போட்டு ஆட்டம் நடத்திவிடலாம், எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால் நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். ஒரு கெசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும்போது, 'பாஸ்' பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டி எடுத்தால் அந்த இடத்தில் தாளத்தில் ஓர் அடி விழுந்துபோகும். ஆடுகிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்டு மறுக்க முடியாத ஒருசிலருக்குத்தான் கொப்பி பதிந்து கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் தட்டினேன். ஹனீபா நானாவின் கொப்பியில் முதல் நிமிடம். கிளப் காரியதரிசிக்குக் கொடுத்ததில் ஏழாவது. பந்துலவுக்குக் கொடுத்ததில் நான்காவது. எங்கேயாவது திருட்டுக் கொப்பி பாடுவது காதில் விழுந்தால், எந்த இடத்தில் அடி குறைகிறது என்று பார்த்து, கொடுத்தவன் யார் என்று பிடித்துவிடலாம்.

பங்காளியின் கெசட்டிலும் அடையாளம் வைத்தாயா என்று கேட்பீர்கள். வைத்தேன். அவனிடம் சொல்லவும் இல்லை.

3

பூப் படத்துக்கு நான் பத்து நாள் பதில் போடவில்லை. யாராக இருக்கும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று பந்துலவைக் கொண்டுபோனவர்களில் ஒருவனிடம் அந்த கெசட் சிக்கியிருக்குமோ? இத்தனை வருடம் கழித்து என்னைத் தேடுகிறானோ? அங்கே யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. வெளிநாட்டுத் தமிழன் ஒவ்வொருவனும் என்ன செய்கிறான் என்று யாரோ ஒரு கணக்குப் பிள்ளை எழுதிக்கொண்டிருப்பதாக எங்களுக்கெல்லாம் ஒரு பயம்.

இங்கேயும் நிம்மதி இல்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கடைத்தெருவில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட இணையப் பக்கத்தில சிங்களப் பாட்டுகள் கிடக்குதாம். இந்த நேரத்தில உது தேவையோ?"

"பாட்டுத்தானே அண்ணே."

"பாட்டெண்டு நீர் சொல்லுறீர்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஆள் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

என்னை முதன்முதலாக உட்கார வைத்துச் சந்தேகப்பட்டது இந்த நாட்டு அதிகாரிதான். அகதி விசாரணையில், ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். டிஸ்கோ என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். உங்கள் நாட்டில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் டிஸ்கோவா போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஆட்களும் செத்தார்கள், ஆட்டமும் இருந்தது என்றேன். நம்பவில்லை. கடைசியில் மேசையில் இரண்டு கையாலும் இரண்டு தாளம் தட்டி, ஒன்றை மற்றதில் இணைத்துக் காட்டினேன். மனிதர் பேனாவால் கூடவே தட்டினார். பிறகு தாளில் 'கூலித் தொழிலாளி' என்று எழுதிக்கொண்டார். இன்றுவரை என் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. திருத்துவதற்கு மூன்று படிவம் நிரப்பினேன், ஆதாரம் கேட்டார்கள். டிஸ்கோவுக்கு என்ன ஆதாரம் காட்டுவது?

மொழியும் அப்படித்தான் என் காலை வாரியது. முதல் வருடங்களில் விளங்காத எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று சொல்லி, ஒரு தடவை தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டேன். மூன்று மாதம் பாடினேன், எப்படி விலகுவது என்று தெரியவில்லை.

தாரிணிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பதினேழு வயது. அவளுடைய தமிழ் தாளைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கும். என்னிடம் பேச வேண்டியது வர வரக் குறைந்துகொண்டே போகிறது. பூப் படச் செய்தியைக் காட்டி, இது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் அப்பா? கேட்டால் சொல்லுவாங்கதானே."

"பொய் சொன்னா?"

"நீங்க எல்லாரையும் இப்படித்தான் நினைக்கிறீங்க. என் நண்பர்கள் வீட்டுக்கு வந்தாலும் போலீஸ் மாதிரி கேள்வி கேட்கிறீங்க. அதனாலதான் அவங்க வாறதில்ல."

அது எனக்குச் சுட்டது. அன்றைக்கே உட்கார்ந்து பதில் போட்டேன். ஒரே வரி: 'அந்த கெசட் உங்களிடம் எப்படி வந்தது?'

4

இப்போது எண்பத்தொன்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடம் மாத்தளையில் யாரும் யாரையும் நம்பவில்லை. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற கிளர்ச்சிக்காரர்கள் கடையைச் சாத்து என்பார்கள். ஜீப்பில் வருகிற படைக்காரர்கள் திற என்பார்கள். சாத்தினாலும் ஆபத்து, திறந்தாலும் ஆபத்து. பொடியன்கள் காலையில் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடந்தார்கள். எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் அடி வாங்கியவர்கள் நாங்கள், அதனால் இந்தத் தடவை சிங்களப் பொடியன்களுக்குத்தான் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்களில் சிலருக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட இருந்தது. எனக்கும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஆட்டங்கள் அநேகமாக நின்றுபோயின. பகலில் நடக்கும் ஒன்றிரண்டு கல்யாணங்கள் மட்டும்தான். அந்த ஒன்றிரண்டும் கை நழுவத் தொடங்கியபோதுதான், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இன்னொரு ரெக்கோடிங் பாரில் எங்கள் கலவை பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நடு ரோட்டில் நின்று காதைத் தீட்டினேன். முதல் நிமிடம் சரி. இரண்டு, மூன்று சரி. நான்காவது நிமிடத்தில் அடி விழுந்தது.

அறைக்கு ஓடினேன். பந்துல ஸ்பீக்கர் வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னோட கெசட்டக் காட்டு."

"எந்த கெசட்?"

"நான் குடுத்தது. எடுத்துக் காட்டு பாப்போம்."

பேக்கைக் கவிழ்த்துப் பார்த்தான். இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தான். இல்லை. "பேக்லதான் மச்சான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல" என்றான். முகம் வெளுத்திருந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. என்னிடம் அடையாளம் இருக்கிறது, அவனிடம் கெசட் இல்லை. வேறென்ன வேண்டும்?

அடையாளம் வைத்த விஷயத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கோபப்படவில்லை. "என்னோடதுலயும் வச்சியா?" என்று மட்டும் கேட்டான். பிறகு தன் சாமான்களைக் கட்டினான்.

ஹனீபா நானா தடுத்துப் பார்த்தார். "யோகன், அந்தப் புள்ளக்கிட்ட நிதானமாக் கேட்டுப் பாருங்களேன். இந்த நாள்ல ஊருக்குப் போற நேரமா இது? இங்க இரிந்தா நம்ம கண்ணுக்கு முன்னுக்கு இரிப்பான்" என்றார். அவர் சொன்னது நியாயம். டவுனில் பந்துலவை எல்லாருக்கும் தெரியும், சோதனைச் சாவடியில் நிற்கிறவனுக்கும் தெரியும், டிஸ்கோக்காரன் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான். கிராமத்தில் அப்படி இல்லை. டவுனிலிருந்து திடீரென்று திரும்பி வந்த இளந்தாரி என்றால் இரண்டு பக்கத்தவர்களும் சந்தேகிப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, "போகட்டும் நானா" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் முழுக்கக் கடை கடையாகப் போய், பந்துல கள்ளன், பங்காளியை விற்றவன், அவனுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நான் நிமிடக் கணக்கு வைத்துச் சொன்னேன், நம்பாமல் என்ன செய்வார்கள்?

அவன் போய் மூன்று வாரத்துக்குள், ஒரு காலை நேரத்தில், வயலில் நின்றவனை நம்பர் பிளேட் இல்லாத ஜீப் ஒன்றில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார்களாம். ஆள் திரும்பவில்லை. செய்தியை ஹனீபா நானா கொண்டுவந்தபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "கள்ள வேல செஞ்சவன், வேற எங்கயாச்சும் மாட்டியிருப்பான்" என்றேன். என் வாயால் அப்படித்தான் சொன்னேன். நானா எழுந்து போய்விட்டார். அடுத்த வருடம் ஒரு ஏஜென்ட் மூலம் நான் நாட்டை விட்டு வெளியேறும்வரை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இருபது வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: அவன் செய்தது துரோகம். அவன் கள்ளனாக இருந்தால்தான் நான் அவனை அனுப்பியது சரி. இப்போது விளங்கும், பூப் படத்துக்கு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று.

5

பதில் மறுநாளே வந்தது. எழுதியவள் பந்துலவின் தங்கை. சுமனா என்று வைத்துக்கொள்வோம். அவளை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அப்போது பத்தொன்பது வயது இருக்கும். இப்போது ஹெட்டிபொலவில் ஒரு கடையில் கணினி வேலை. பஸ்ஸில் யாரோ பயணி ஒருவரின் போனில் இந்தப் பாட்டைக் கேட்டு, தேடிப் பிடித்திருக்கிறாள்.

நான் நம்பவில்லை. வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், அவர்கள் நாயின் பெயர் என்ன, நான் வந்தபோது அம்மா என்ன சமைத்தாள் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். குரக்கன் களியும் கருவாடும் என்று எழுதியிருந்தாள். அதை வேறு யாருக்கும் தெரிய நியாயம் இல்லை. நம்பினேன்.

பிறகு கெசட் கதையை எழுதினாள். அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

'அந்த வருடம் சித்திரைப் புதுவருடத்துக்கு அண்ணா வீட்டுக்கு வந்தபோது, அவருக்குத் தெரியாமல் நான்தான் அவர் பேக்கிலிருந்து எடுத்தேன். எங்கள் ஊர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார், கொடுத்தேன். அவர்தான் இப்போது என் கணவர். பஸ்ஸில் ஒரே கெசட்டை ஓட விட்டால் தேய்ந்துபோகும் என்று அவர் மாத்தளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு கொப்பி எடுக்கக் கொடுத்திருக்கிறார். அடுத்த தடவை அண்ணா வரும்போது திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அண்ணா திடீரென்று வந்தபோது முகம் சரியில்லை. எவரோடும் பேசவில்லை. ஏச்சு விழும் என்று நான் சொல்லவில்லை. மனம் ஆறட்டும் என்று பார்த்தேன். அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் நினைவாகத் தானம் கொடுக்கிற நாளில் அந்த கெசட்டைப் போடுகிறோம். இப்போது நாடா இழுத்துக்கொண்டு விட்டது. அதனால்தான் தேடினேன்.'

இதை நான் பள்ளிக்கூடத்தில், இடைவேளையில், பராமரிப்பு அறையில் உட்கார்ந்து வாசித்தேன். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வாத்தியார் கதவைத் தட்டி, வெப்பம் வரவில்லை, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன், திருத்தினேன், என்ன திருத்தினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. கடைக்காரன் தனக்கும் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். பந்துல யாருக்கும் கொடுக்கவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. எங்கே போனது என்று தெரியவில்லை மச்சான் என்று அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

அடுத்த செய்தியில்தான் அவள் உண்மையில் எதற்காக எழுதினாள் என்பது வந்தது.

'உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அண்ணா ஏன் அன்று வீட்டுக்கு வந்தார்? உங்களுக்குள் சண்டை என்று மட்டும் ஊரில் தெரியும். எதற்கு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயர் கொடுத்தது யார்? அண்ணாவோடு கோபம் இருந்தது உங்களுக்குத்தான். மறு வருடமே நீங்கள் வெளிநாடு போய்விட்டீர்கள். எங்கள் வீட்டில் இருபது வருடமாக உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. சண்டை எதற்கு என்று சொல்லுங்கள்.'

நான் இங்கே உட்கார்ந்து அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அங்கே இருபது வருடமாக என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சண்டை, ஜீப், வெளிநாடு என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் பிடித்திருப்பேன்.

பெயரை நான் கொடுக்கவில்லை. என் மகள்மீது ஆணையாக, கொடுக்கவில்லை. ஆனால் அதை நம்ப வைக்க வேண்டுமென்றால் சண்டையின் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் அந்த கெசட். கெசட்டை எடுத்தவள் அவள். சொன்னால் நான் தப்பிவிடுவேன். தான் ஆசைப்பட்டவனுக்கு ஒரு பாட்டுக் கொடுத்ததற்காகத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தான், வந்ததால்தான் போனான் என்பதை அவள் அதே நிமிடத்தில் தெரிந்துகொள்வாள். எவனோடு குடித்தனம் நடத்துகிறாளோ அவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வாள்.

6

மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். எங்கள் ஊர்த் தமிழர்கள் தெருவில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். நானும் போய் நின்றேன். சங்கத்துக்காரர் எனக்குப் பக்கத்தில் நின்று அழுதார், நான் அவர் தோளில் கையை வைத்தேன், அவர் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சுமனா கொடுத்த நம்பருக்கு எடுத்தேன். தாரிணி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதை முழுவதையும் அவளிடம் முந்திய நாள்தான் சொல்லியிருந்தேன். அவள் என்னிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை.

அம்மாவிடம் போனைக் கொடுத்தார்கள். பேசியது சிங்களத்தில்.

"யாரு, யோகனா?"

"ஆமா அம்மே."

"எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கியே நீ."

"ஆமா அம்மே. சாப்பிட்டிருக்கேன்."

"என் மகனோட பேர நீயா குடுத்த?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இல்ல அம்மே. நான் குடுக்கல" என்றேன்.

"அப்போ சண்ட எதுக்கு?"

போனை எல்லாரும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பின்னால் சுமனாவின் குரல் யாரையோ சத்தம் போடாதே என்று அடக்கியது.

"ஒண்ணுமில்ல அம்மே. நான் முன்கோபக்காரன். சும்மா வாய்த் தகராறு. தப்பு முழுக்க என்னோடது. நான்தான் அவன வெளிய போகச் சொன்னேன்."

"எதுக்குன்னு கேக்குறேன்."

"காரணம் ஒண்ணும் இல்ல அம்மே."

அவள் கோபம் இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னாள்: "நாலு வருஷம் ஒண்ணாச் சாப்பிட்டவன ஒருத்தன் காரணமில்லாம வெரட்டுவானா? நான் போகப் போறவ. எங்கிட்டயும் பொய் சொல்றியே."

போன் கை மாறியது. சுமனா வந்தாள். "அம்மா பேச மாட்டேங்கிறாங்க. உண்மையச் சொல்ல மனசு வந்தா மறுபடி எடுக்கச் சொல்றாங்க" என்றாள். அவள் குரலும் மாறியிருந்தது. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை என்று எழுதியவள், இப்போது ஒரு பக்கம் போய்விட்டாள். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது.

தாரிணிக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"சொல்லவில்லையா?"

"இல்ல."

"அப்ப அவங்க நீங்கதான் செய்தீங்க என்று நினைப்பாங்க."

"நெனைக்கட்டும்."

"எப்பவுமா?"

அவள் எழுந்து வந்து என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள் என்று பிறகு மனைவி சொன்னாள்.

அன்று மாலையே அந்தக் கலவையை ஓர் அடியும் குறையாமல், எந்த அடையாளமும் வைக்காமல் சுமனாவுக்கு அனுப்பினேன். திறந்து பார்த்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை. பூப் படத்தையும் காணவில்லை.

7

இதை ஏன் எழுதுகிறாய், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்கிறாள். நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தான் எழுதுகிறேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

அன்று மாத்தளை டவுனில் கடை வைத்திருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறீர்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கடை வாசலில் நின்று, பந்துல கள்ளன் என்று சொன்னவன் நான். நீங்கள் நம்பினீர்கள், மற்றவர்களுக்கும் சொன்னீர்கள். அதை நான்தான் திருப்பி வாங்க வேண்டும், அதற்கு எனக்கு இந்தப் பக்கத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அவன் கெசட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. விற்கவில்லை. என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஹனீபா நானாவின் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், வாப்பா சொன்னதுதான் சரி என்று அவர் அடங்கியிருக்கிற கபுறடியில் போய்ச் சொல்லுங்கள்.

தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள். தேத்தண்ணிக் கடையில் சொல்லுங்கள். ஆனால் தமிழிலேயே சொல்லுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வில்கமுவ பக்கம் போகிற யாரிடமும் சொல்லாதீர்கள். அங்கே ஒரு வீட்டில் என்னைக் கொலைகாரன் என்று நினைக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும்.